முப்பதுக்கு ஒன்பது

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, நீலிமட்டம் தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில், பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்க வரிசையில் நின்ற இருநூற்றுப் பதினான்கு பேரும், ஆண் பெண் என்றில்லாமல், இடது கையை முழங்கையில் மடித்து, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, கைக்குழந்தை வைத்திருப்பவர்களைப் போல நின்றுகொண்டிருந்தார்கள். யார் இடுப்பிலும் குழந்தை இல்லை. பேர் கூப்பிட்ட ரைட்டர் குணசீலனும் அப்படித்தான் நின்றார், பேனாவை மட்டும் வலது கையில் பிடித்துக்கொண்டு. மேலே பங்களாவிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய மேனேஜரும் ஜீப் கதவை வலது கையாலேயே சாத்தினார்; இடது கை மடிந்திருந்தது.

மருந்தடிக்கும் வேலுச்சாமி பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான். "சோம்ரிக்குக் காதுல இன்னும் சீழ் வருதா?"

"வலது காதுல. பஞ்சு வச்சிருக்கு," என்றான் அவன்.

இரண்டு பேருமே அந்தக் குழந்தையை ஒருநாளும் தூக்கியதில்லை. அந்தக் குழந்தை செத்து இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. எஸ்டேட் கணக்கில் அது பிறக்கவே இல்லை.

அது சவரியம்மாளின் நினைவு என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. வாசனையை வைத்துத் தெரிந்தது. பால் பவுடரும் டெட்டாலும் குழந்தை மூத்திரமும் கலந்த அந்த வாசனை, டிவிஷனில் வேறு யாருடையதும் இல்லை.

சவரியம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது. இருபது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் போனபோது எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆயாவாக வந்தவள். தாய்மார்கள் காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நாலரைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். புருஷன் என்றோ போய்விட்டான். பிள்ளை இல்லை. கோபம் நிறைய உண்டு. பாட்டிலைக் கழுவாமல் கொண்டுவரும் தாயை அத்தனை பேர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவாள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, ஒன்பது நாள் விடாமல் பெய்த மழையில் ஊறியிருந்த மேட்டுச்சரிவு, எட்டாம் நம்பர் லைன் வீடுகளின்மேல் இறங்கியது. காப்பகத்து அடுப்பைப் பற்றவைக்க வந்த சவரியம்மாள் எதிர்ச்சரிவில் நின்று பார்த்தாள். சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வீடுகள் மெதுவாக, பஸ் புறப்படுவதைப்போல நகர்ந்தன.

நாலு நாள் தோண்டினார்கள். பதினேழு பேரை எடுத்தார்கள். பதினேழு பேரும் பதிவேட்டில் இருந்தவர்கள். அத்துடன் மண் அள்ளும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் அந்த லைனின் கடைசி வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து ஒரு ஏஜெண்ட் கூட்டிவந்தவர்கள். சுக்ரா, அவன் மனைவி புதனி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் சோம்ரி. சுக்ராவின் தம்பி மங்ரா, அவன் மனைவி ஏத்வாரி, அவர்களுடைய எட்டு மாதக் கைக்குழந்தை. பிறந்த கிழமையைப் பேராக வைப்பது அவர்கள் வழக்கம் என்று புதனி சவரியம்மாளுக்குச் சொல்லியிருந்தாள். அந்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்பே சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அதில் அவர்களைக் குடிவைத்தது மேனேஜர். அதனால் அவர்கள் பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

"கடைசி வீடு பூட்டிக் கிடந்தது," என்றார் மேனேஜர்.

ரைட்டரும் அதையே சொன்னார். மேஸ்திரிகளும் அதையே சொன்னார்கள். விசாரணை அதிகாரி கதிரேசன் மலையேறி வந்து, தொழிற்சாலை அலுவலகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டபோது, டிவிஷன் மொத்தமும் தரையைப் பார்த்து அதையே சொன்னது. வேலை போனால் வீடும் போகும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இருந்த வீடாக இருந்தாலும் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

சவரியம்மாள் மட்டும் சொன்னாள். "செத்தது பதினேழு இல்ல, இருவத்திமூணு. ஆறு பேரு இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு. வீடு சரிஞ்சு போயி எங்க நின்னுச்சுன்னு நான் பாத்தேன். வாங்க, காட்டுறேன்."

கதிரேசன் எழுதுவதை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"நல்ல பொம்பளை," என்றார் மேனேஜர். "அன்னைக்கு ரொம்ப அதிர்ச்சி ஆயிட்டாங்க. வயசும் ஆச்சு. ஞாபகத்துக்கு ஒரு டெஸ்ட் இருக்காமே, ஆன்லைன்லயே எடுக்கலாமாம். எடுத்துட்டா உங்க ஃபைலுக்கும் நல்லது."

அப்படித்தான் அடுத்த புதன்கிழமை ஒரு வேன் வந்தது. மலை முழுவதிலும் தொழிற்சாலை கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், லாரிகள் போய்வரும் அந்த இடத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சவரியம்மாளை உட்காரவைத்து, அவள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். திரையில் டாக்டர் மிருணாளினி தெரிந்தாள். முப்பது வயதிருக்கும். சென்னையில் ஓர் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் பார்க்க வேண்டிய நாற்பது பேரில் சவரியம்மாள் இருபத்திரண்டாவது ஆள்.

"இன்னைக்கு என்ன தேதிம்மா?"

"அதுங்க போயி இருவத்தஞ்சு நாளாச்சு."

"தேதி சொல்லுங்கம்மா."

"அதைத்தானே சொன்னேன்."

"சரி. என்ன கிழமை?"

"புதனி பொறந்த கிழமை."

"அது யாரு?"

"கடைசி வீட்டுல இருந்தவ."

டாக்டர் இரண்டு கட்டங்களிலும் தவறு என்று தட்டினாள். ஐந்து சொற்கள் சொல்கிறேன், கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். படகு, சிங்கம் என்றபோது ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. கடிதம் என்றபோது படம் உறைந்து, தாமரை என்றபோது மீண்டும் அசைந்தது. இடையில் ஒரு சொல் மலையேறவே இல்லை. காதில் விழுந்த மூன்றை அவள் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது, "எதுக்கு?" என்று கேட்டாள். கடைசியில் திரையில் விரலால் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். இருபது வருஷக் கொழுந்துக் கறையும் காய்ப்பும் ஏறிய விரலைக் கண்ணாடி ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் வட்டம் போட்டாள். திரை வெள்ளையாகவே இருந்தது. அழுத்திப் போட்டாள். எச்சில் தொட்டுப் போட்டாள். மூன்று நிமிஷம் முடிந்ததும் திரையே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

முப்பதுக்கு ஒன்பது. சான்றிதழை இயந்திரமே எழுதியது: "கடுமையான அறிதிறன் குறைபாடு. இவர் நினைவுகூர்ந்து கூறும் விவரங்கள் நம்பத்தக்கவை அல்ல." டாக்டர் மிருணாளினி கீழே கையெழுத்துக்கான பொத்தானை அழுத்தினாள். இருபத்துமூன்றாவது ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் வியாழன் காலை அந்தச் சான்றிதழைப் பெரட்டில் மைக் வைத்துப் படிக்கச் சொன்னார் மேனேஜர். இனிமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதற்காக. ரைட்டர் குணசீலன் இரண்டு தடவை படித்தார். காப்பகத்து வாசலில் ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்த சவரியம்மாளுக்கும் அது கேட்டது. அவள் முகம் கறுத்தது.

நம்பத்தக்கவை அல்ல என்ற அந்தச் சொற்கள் யார் காதில் விழுந்தனவோ, யார் கண்ணில் பட்டனவோ, அத்தனை பேருக்கும் மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்தபோது சவரியம்மாளின் நினைவு வந்திருந்தது. அவளிடமிருந்து துளியும் குறையவில்லை. ஓர் அடுப்பிலிருந்து இன்னோர் அடுப்புக்கு நெருப்பு வாங்கிப்போவதைப்போல அது போயிருந்தது.

முதல் நாளே டிவிஷன் அதற்குப் பழகிவிட்டது. எஸ்டேட் ஜனம் அட்டைக்குப் பழகியது, காட்டெருமைக்குப் பழகியது, இதற்குப் பழகாதா. டீக்கடைக்காரர் பாலை ஆற்றும்போது புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். மருந்தடிக்கிற ஆண்களுக்குத் தாலாட்டு தெரிந்தது. டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவெங்கும் அதை முனகிக்கொண்டே போனார்கள். சவரியம்மாளின் புருஷன் அவளை விறகுக்கட்டையால் அடித்த இடம் எல்லோருடைய வலது தோளிலும் மழை வந்தால் வலித்தது. அவள் அடிவாங்கியதை அந்தக் காலத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மேனேஜர் பங்களாவில் காலை உணவுக்கு உட்கார்ந்தவர், எட்டு மாதக் குழந்தை ஒன்று தோளில் தூங்கும்போது விடுகிற மூச்சின் சூட்டைக் கழுத்தில் உணர்ந்து, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

ஆனால் நினைவு அங்கேயே நிற்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்த தேயிலைக் காடுகளில், அன்று மத்தியானத்துக்குள், ஒவ்வொருவருக்கும் அந்தச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. எதிர்ச்சரிவிலிருந்து அவள் பார்த்தபடியே வீடுகள் நகர்ந்தன. கடைசி வீட்டின் நீலத் தார்ப்பாய் பள்ளத்தில் வழுக்கிப்போய் மூன்றாவது சவுக்கு மரத்தில் மோதி நின்றது. பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பலில்தான் ஒவ்வொருவரும் தன்னையே பார்த்தார்கள். லைனின் இந்தப் பக்கம், குடைபிடித்து, போர்வை போர்த்தி, வாயைப் பொத்திக்கொண்டு அவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணும் அந்த நீலத் தார்ப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சிக்கு முப்பத்துநாலு வயது. அவளுடைய கடைசிப் பையனும் சோம்ரியும் காப்பகத்தில் ஒரே தொட்டிலில் மாற்றி மாற்றித் தூங்கியவர்கள். அவள் கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டுச் செடிக்கு நடுவில் உட்கார்ந்தாள். சவரியம்மாளின் கண்ணிலிருந்து தன் முகத்தைப் பார்த்தாள். மழைத்தண்ணி வழிய, மேனேஜர் கேட்டதற்கு, "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்று அந்த முகம் சொன்னது. அவ்வளவு அசிங்கமான ஒரு முகத்தை அவள் அதுவரை கண்டதில்லை.

இதற்குப் பிறகு எல்லோரும் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருத்தி சவரியம்மாளின் வீட்டு வாசலில் ஓர் அகல் ஏற்றிவைத்தாள். ஞாயிறு காலையில் முப்பது அகல், மெழுகுவத்தி, எலுமிச்சம்பழம், ஒரு சேலை. மத்தியானம் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அவள் திரும்பி வந்தபோது, வாசலில் நின்று சிலர் கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். அவள்மேல் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்றார்கள். மாதா என்றார்கள் வேறு சிலர். அதில் சின்னச் சச்சரவும் நடந்தது.

சவரியம்மாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கற்பூரத் தட்டை உதைத்தாள். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. அகல்களை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளினாள்.

"எவடி எனக்கு விளக்கு வச்சது?"

கும்பிட்ட கைகள் கீழே இறங்கின.

"உங்களுக்கு வந்ததுல எது புதுசு, சொல்லுங்க. அன்னைக்கு நீங்களும் அங்கதானே நின்னீங்க? அதையேதானே பாத்தீங்க? என் கண்ணு வழியா இன்னொருக்கா பாத்ததும் அழுகை வருது. உங்க கண்ணு என்ன ஆச்சு? அது எங்க போச்சு?"

"சவரியக்கா, வீடு போயிரும்னு…" என்று முத்துப்பேச்சி ஆரம்பித்தாள்.

"புதனிக்கு வீடு போகலையா? உம் புள்ளைக்கு அவ பால் குடுத்திருக்கா. நீ காச்சல்ல கெடந்தப்ப, மூணு நாளு. அது உனக்கு இப்பத்தான் தெரியுமா, முன்னாடியே தெரியுமா?"

"முன்னாடியே தெரியும்," என்றாள் முத்துப்பேச்சி.

"அப்ப எனக்கு எதுக்கு விளக்கு? சாமின்னு ஒருத்திய உக்காத்தி வச்சிட்டா, சாட்சி சொல்ற வேலை அவளோடதுன்னு வீட்டுக்குப் போயிரலாம். போங்க. எல்லாரும் போங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க உள்ளிருந்து பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டாக்டர் மிருணாளினி வந்து இறங்கினாள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. இடது கை மடிந்திருந்தது. காப்பகத்தைத் தேடிக்கொண்டு அவள் வழி கேட்கவில்லை, வழி தெரிந்திருந்தது.

"அம்மா, நான்தான் அந்த டாக்டர்."

"தெரியுது. திரையில இன்னும் செவப்பா இருந்தீங்க."

"நான் எடுத்தது தப்பு. அந்தச் சோதனை பள்ளிக்கூடம் போனவங்களுக்காக உருவாக்கினது. சிக்னல் போனதும் எனக்குத் தெரியும். நிறுத்தியிருக்கணும். தப்புன்னு எழுதிக் கொடுக்க வந்திருக்கேன்."

சவரியம்மாள் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, இறக்கிவிட்டாள். அதன் பிறகுதான் கேட்டாள். "என் நெனப்பு உங்களுக்கு வராம இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லல. அதுவரைக்கும் சரி. வாங்க."

டாக்டர் கேட்டுக்கொண்டதால் அன்று மத்தியானமே நடந்த இரண்டாவது விசாரணைக்கு அலுவலகத்தில் இடம் போதவில்லை. ஜனம் வாசல் வரை நின்றது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வசவு பலருக்கு வேலை செய்திருந்தது. முத்துப்பேச்சி முதலில் போனாள். இருபத்துமூன்று என்றாள், ஆறு பேரையும் பேர் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வேலுச்சாமி. அவனுக்குப் பின்னால் நூற்றுநாற்பது பேர். டாக்டர் மிருணாளினி தன் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாகக் கைப்பட எழுதிக் கொடுத்தாள்.

கதிரேசன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் சான்றிதழின் நகல் போயிருந்தது. அவரும் இடுப்பைச் சாய்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவரது இடது கை அறியாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"நூத்துநாப்பது பேரும் ஒரே வார்த்தையச் சொல்றீங்க," என்றார். "நீலத் தார்ப்பாய், மூணாவது சவுக்கு மரம். ஒரு சொல் மாறல. இது சொல்லிக்கொடுத்த சாட்சி. சட்டப்படி இதை எடுத்துக்க முடியாது."

"சார், உங்களுக்கும் தெரியும்," என்றாள் டாக்டர்.

"எனக்குத் தெரியறது ஃபைல்ல இல்ல, மேடம். நீங்க திரும்ப வாங்கறேன்னு எழுதின லெட்டரும் இல்ல. சிஸ்டத்துல ஏத்தினதைத் திருத்த அதுல வழி கிடையாது."

அவர் பதினேழு என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். குழந்தைகளின் எடை தெரிந்திருந்தும், அவர்களது தலையின் வாசனை தெரிந்திருந்தும், அவர் போட்டார். மேனேஜர் பக்கத்தில் கை மடித்து நின்று, "கடைசி வீடு பூட்டித்தான் கிடந்தது," என்று இன்னொரு முறை சொன்னார். நினைவு வந்துவிட்டால் மனுஷன் மாறிவிடுவான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு அதை விட்டார்கள்.

சவரியம்மாள் கத்தவில்லை. வெளியே வந்து, நேராக ஸ்டோர் கொட்டகைக்குப் போய், ஒரு மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எட்டாம் நம்பர் லைன் இருந்த பக்கம் நடந்தாள். முத்துப்பேச்சி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பிறகு ஸ்டோரில் ஒரு மண்வெட்டியும் மிஞ்சவில்லை.

எங்கே தோண்டுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது சவுக்கு மரத்தைச் சுற்றி, மேலே இருபது அடி, கீழே பத்து அடி, அத்தனை கையும் ஒரே இடத்தில் இறங்கியது. செவ்வாய்க்கிழமை மழை பெய்தது; நிறுத்தவில்லை. புதன்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, யாருடைய உத்தரவு என்று கேட்டார்கள். அவர்கள் சான்றிதழைப் படிக்காதவர்கள்; கை நேராக இருந்தது. முத்துப்பேச்சி குனிந்த தலை நிமிராமல், "படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். சான்றிதழின் நகல் அவள் இடுப்பில் சொருகியிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மேலே போய் நின்றார்கள். டாக்டர் மண் சுமந்தாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்து, துணி சுற்றிக்கொண்டு சுமந்தாள். ரைட்டர் குணசீலன் மூன்று நாளும் தூரத்தில் நின்றார். கடைசி நாள் மத்தியானம் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கினார். யாரும் அவருக்கு வழி விடவில்லை. அவரே ஓர் ஓரத்தில் இடம் பிடித்து வெட்டினார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நீலம் தெரிந்தது. அதற்குமேல் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தார்கள். ஆறு பேரும் அங்கே இருந்தார்கள். பெரியவர்கள் நாலு பேரும் ஒரே பக்கமாகக் குனிந்து வளைந்திருந்தார்கள், நடுவில் சின்னவர்கள் இரண்டு பேர்.

இப்போது ஆறு உடல்கள் இருந்தன. அவற்றை நம்பத்தக்கவை அல்ல என்று எழுத எந்தத் திரைக்கும் வழி இல்லை. கீழே மாவட்டத்திலிருந்து வண்டிகள் வந்தன. கதிரேசனும் வந்தாக வேண்டியிருந்தது. கொழுந்து எடை போடும் கொட்டகையில் ஆறு பேரையும் கிடத்தியிருந்தார்கள். அவர் படிவத்தை விரித்துக்கொண்டு, சவரியம்மாளைப் பார்த்தார்.

"பேரெல்லாம் சொல்லுங்கம்மா."

"நான் சொல்றதுதான் நம்பத்தக்கது இல்லையே. நீங்களே எழுதுங்க."

"அம்மா…"

"உங்களுக்குத் தெரியும். எழுதுங்க."

கொட்டகையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் டாக்டர் பக்கத்தில் நின்று, எழுத எழுத வாய்விட்டுப் படித்தாள். சுக்ரா. புதனி. மங்ரா. ஏத்வாரி. சோம்ரி, வயது இரண்டு. ஆறாவது இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதியதை டாக்டர் படித்தாள்: "பெண் குழந்தை."

"பேரு இருக்கு," என்றாள் சவரியம்மாள்.

கதிரேசன் தலையைத் தூக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. இடது கையால் முகத்தை மூடப் பார்த்தார். அது மடங்கியபடியே இருந்தது, மேலே எழவில்லை. அவள் காத்திருந்தாள். இரக்கப்படவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் நின்றிருப்பாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் பெண் குழந்தை என்பதை அடித்துவிட்டு, சனிச்சரி என்று எழுதினார்.

மேனேஜரை வேறு மலைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான் செய்தார்கள். வழக்கு நடக்கிறது. சவரியம்மாளின் சான்றிதழ் இன்னும் ரத்தாகவில்லை, திரையைப் பொறுத்தவரை அவள் முப்பதுக்கு ஒன்பதுதான். நினைவு யாரையும் விட்டுப் போகவில்லை. மூன்றாம் டிவிஷன் ஆட்கள் சந்தைக்கு இறங்கினால் மடித்த கையை வைத்தே கீழே உள்ளவர்கள் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, பெரட்டுக்குப் போகும் வழியில், முத்துப்பேச்சி காப்பகத்து வாசலில் தயங்கி நின்றாள்.

"சவரியக்கா, எங்கமேல கோவம் போயிருச்சா?"

"போகல," என்றாள் சவரியம்மாள். "பாட்டில் கழுவினியா?"

"கழுவிட்டேன்."

அவள் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பையனை வாங்கிக்கொண்டாள்.